கட்டங்களில் மோகனம்

திரை முழுக்கக் கட்டங்கள். இடமிருந்து வலமாகக் காலம் ஓடுகிறது, கீழிருந்து மேலாகச் சுரம் ஏறுகிறது. அடியில் தாளத்துக்கென்று இரண்டு வரிசைகள். ஆறு வயதுப் பிள்ளை எந்தக் கட்டத்தில் விரல் வைத்தாலும் அது நிறம் ஏறி ஒலிக்கிறது. பத்துப் பன்னிரண்டு கட்டங்களைத் தொட்டு முடிப்பதற்குள் ஒரு மெட்டு வந்துவிடுகிறது. சுர அளவைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில் 'பென்டடோனிக்' என்பதை அழுத்திவிட்டால் இன்னும் வசதி: பிள்ளை எதைத் தொட்டாலும் அபசுரம் என்று தள்ளத் தோன்றாது. அந்த அளவில் இருப்பவை ஐந்தே சுரங்கள்தாம். ச, ரி, க, ப, த. நம் காதுக்கு அது மோகனம்.

இந்தக் கருவியின் பெயர் 'சாங் மேக்கர்'. கூகுள் நிறுவனம் 2016 மார்ச்சில் வெளியிட்ட 'குரோம் மியூசிக் லேப்' என்ற தொகுப்பில் 2018-இல் சேர்ந்தது. அமெரிக்கப் பள்ளிகளில் மார்ச், இசைக் கல்விக்கான மாதம். அதையொட்டியே முதல் வெளியீடு. இணைய உலாவி உள்ள எந்தக் கணினியிலும் இயங்கும். கணக்குத் தொடங்க வேண்டாம், கடவுச்சொல் வேண்டாம், காசும் வேண்டாம். செய்து முடித்த பாட்டை ஓர் இணைப்பாகச் சேமித்து அடுத்த வகுப்பில் திறந்து தொடரலாம். சுரத்துக்குச் சுரம் நிறம் மாறுவதும் யோசித்துச் செய்த வேலை. அமெரிக்க, ஐரோப்பிய ஆரம்பப் பள்ளிகளில் 'பூம்வாக்கர்ஸ்' என்ற வண்ணப் பிளாஸ்டிக் குழாய்களைப் பிள்ளைகள் கையிலும் தொடையிலும் தட்டி வாசிப்பார்கள். அந்தக் குழாய்களின் வண்ண வரிசையும் திரையின் வண்ண வரிசையும் ஒத்துப்போகின்றன. திரையில் சிவப்புக் கட்டம் வந்தால் சிவப்புக் குழாய் வைத்திருக்கும் பிள்ளை தட்டும். திரையில் பிறந்த மெட்டு இப்படிக் கைகளுக்கு வந்துவிடுகிறது.

தொடக்கப் பள்ளி இசை வகுப்பில் ஒரு கருவி இருக்கத் தகுந்ததா என்று பார்க்க இதைவிட நல்ல அளவுகோல் இல்லை. அதை வைத்த பிறகு பிள்ளையின் தொண்டையும் கையும் காதும் கூடுதலாக வேலை செய்கின்றனவா? செய்தால் இருக்கட்டும். பிள்ளை பாட வேண்டியதைக் கருவி பாடி, பிள்ளை வாய் மூடி உட்கார்ந்திருந்தால், அது எத்தனை விலை உயர்ந்ததானாலும் வகுப்புக்குச் சுமை.

கேள்வி புதிதல்ல, நூறு ஆண்டுகளைக் கடந்தது. அமெரிக்காவின் மில்வாக்கி நகரப் பள்ளிகளில் இசைக் கல்வியை மேற்பார்த்துவந்த பிரான்சிஸ் எலியட் கிளார்க், வகுப்பறைக்குள் கிராமபோனைக் கொண்டுவர முனைந்தவர்களில் முதன்மையானவர். 1911-இல் விக்டர் டாக்கிங் மெஷின் நிறுவனத்தில் கல்விக்கென்றே ஒரு பிரிவை அவர் உருவாக்கினார். பள்ளிகளுக்கென்று தனி இசைத்தட்டுகள் வந்தன. வாத்தியக் குழுவை வாழ்நாளில் நேரில் கேட்க வாய்ப்பில்லாத சிற்றூர்ப் பிள்ளைக்கு அது பெரிய கொடை. ஆனால் அது கேட்கும் கொடை. சுழலும் தட்டின் முன் பிள்ளைகள் கைகட்டி உட்கார்ந்து கேட்டார்கள்.

வானொலி அதை மாற்றியது. 1939-இல், போர் தொடங்கி லண்டன் பிள்ளைகள் ஊர் ஊராக அனுப்பப்பட்ட நேரத்தில், பிபிசி 'சிங்கிங் டுகெதர்' என்ற பள்ளி நிகழ்ச்சியைத் தொடங்கியது. பாட்டுப் புத்தகங்கள் அச்சாகிப் பள்ளிகளுக்குப் போயின. வானொலிப் பெட்டியிலிருந்து ஆசிரியர் பாட, நாடெங்கும் வகுப்பறைகள் உடன் பாடின. சென்னை வானொலியின் 'இசைப் பயிற்சி'யை வீட்டில் வைத்துப் பாடியவர்களுக்கு இந்த முறை புரியும். வித்வான் ஒரு வரி பாடுவார், நிலையத்தில் இருக்கும் மாணவர் திரும்பப் பாடுவார், வானொலிக்கு முன்னால் இருப்பவரும் பாடிக்கொள்வார்.

இவற்றையெல்லாம் மிஞ்சிய கதை மியூனிக் நகரில் நடந்தது. ஜெர்மானிய இசையமைப்பாளர் கார்ல் ஓர்ஃபும் அவருடைய சகா குனில்ட் கீட்மனும் போருக்கு முன்பே, பேச்சு, அசைவு, எளிய தட்டு வாத்தியங்கள் வழியாக இசை கற்பிக்கும் முறையை வளர்த்திருந்தார்கள். போரில் அவர்கள் வேலை செய்த பள்ளியும் வாத்தியங்களும் அழிந்தன. 1948-இல் பவேரிய வானொலி, பிள்ளைகளுக்கான இசை நிகழ்ச்சி செய்து தரச் சொல்லி ஓர்ஃபை அணுகியது. அந்த ஆண்டு செப்டம்பர் 15-ஆம் நாள் முதல் ஒலிபரப்பு. வாசித்தவர்கள் பள்ளிப் பிள்ளைகள். நிகழ்ச்சி அத்தோடு நிற்கவில்லை. கேட்கும் பிள்ளைகளுக்கு வேலை கொடுத்தது. அதை வீட்டில் செய்து அனுப்பியவர்களுக்கு வாத்தியங்கள் பரிசு. பிள்ளைகளும் பள்ளிகளும் வாத்தியம் கேட்டு நச்சரிக்கத் தொடங்க, கிளவுஸ் பெக்கர் என்ற இளைஞர் சிறிய மரச்சுரக் கட்டைகளைச் செய்ய ஆரம்பித்தார். 1949-இல் அது 'ஸ்டூடியோ 49' என்ற பட்டறை ஆயிற்று. நிகழ்ச்சியில் திரண்ட பாடங்கள் 1950 முதல் 1954 வரை ஐந்து தொகுதிகளாக அச்சாயின. இன்று உலகின் பல நாடுகளில் தொடக்கப் பள்ளி இசை அறைக்குள் நுழைந்தால் தென்படும் குட்டி சைலபோன்கள் பரவியது இந்த வழியாகத்தான். குரல் மட்டுமே போகக்கூடிய ஒரு கருவி, பிள்ளைகளின் கையில் கட்டையையும் கோலையும் கொடுத்துவிட்டது.

கணினி வந்தபோது இதே கேள்வியை மிக ஆழமாகக் கேட்டவர் ஜீன் பாம்பர்கர். ஆர்தர் ஷ்னாபெலிடம் பியானோ கற்றவர். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் இசைப் பேராசிரியராக இருந்து, 2024-இல் நூறு வயதில் மறைந்தார். சீமோர் பேப்பர்ட்டின் 'லோகோ' மொழி பிள்ளைகளைக் கணினியில் படம் வரைய வைத்துக்கொண்டிருந்த காலத்தில், பாம்பர்கர் அதே வழியில் அவர்களை இசை செய்ய வைத்தார்.

அவருடைய சோதனைகளில் ஒன்றை யார் வேண்டுமானாலும் வீட்டில் செய்து பார்க்கலாம். பிள்ளைகள் ஒரு தாளத்தைத் தட்டுகிறார்கள். நம் சொற்கட்டில் சொன்னால்: தாம், தாம், தகதாம். பிறகு, மறந்துபோகாமல் இருக்க இதைக் காகிதத்தில் உங்களுக்குத் தோன்றியபடி வரைந்து வையுங்கள் என்கிறார் ஆசிரியர். சில பிள்ளைகள் இரண்டு பெரிய வட்டமும் மூன்று சிறிய வட்டமும் வரைகிறார்கள். வேறு சிலர் இரண்டு பெரியது, இரண்டு சிறியது, மறுபடி ஒரு பெரியது என்று வரைகிறார்கள். கணக்கின்படி இரண்டாவது கூட்டம் சரி. கடைசித் 'தாம்' முதல் இரண்டைப் போலவே நீளமானது. ஆனால் முதல் கூட்டம் தவறு செய்யவில்லை என்பது பாம்பர்கரின் கண்டுபிடிப்பு. தட்டும் கைக்குத் 'தகதாம்' ஒரே வீச்சு. மூன்றும் சேர்ந்து ஓடிவந்து நிற்கின்றன. அதைப் பிள்ளை கேட்டபடியே வரைந்திருக்கிறது. ஒரு கூட்டம் காலத்தை அளந்தது, மறு கூட்டம் அசைவைப் பிடித்தது. பாடுகிறவருக்கு இரண்டு காதும் வேண்டும்.

மிருதங்கம் கற்கும் பிள்ளைக்கு இந்த இரட்டைக் காது பயிற்சியிலேயே வந்துவிடுகிறது. சொல்லாகச் சொல்லும்போது அசைவு, கையில் தாளம் போடும்போது அளவு.

இதைப் புரிந்துகொண்ட பிறகு சாங் மேக்கரின் கட்டங்களைத் திரும்பிப் பார்த்தால் ஒன்று தெளிவாகிறது. அங்கே எல்லாக் கட்டமும் ஒரே அகலம். காலத்தை அளக்கும் காதை மட்டுமே அது வளர்க்கும். பாம்பர்கர் வடிவமைத்த 'இம்ப்ராம்ப்டு' என்ற மென்பொருள் எதிர்த்திசையிலிருந்து தொடங்கியது. அதில் பிள்ளைக்குத் தனிச் சுரம் கிடைக்காது; மெட்டின் துண்டு கிடைக்கும். தெரிந்த ஒரு பாட்டை நாலைந்து துண்டாக்கி, ஒவ்வொன்றுக்கும் ஒரு சிறு படம் கொடுத்துவிடுவார்கள். பிள்ளை ஒவ்வொரு துண்டாகக் கேட்டு, அடுக்கி, பாட்டைத் திரும்பக் கட்ட வேண்டும். பிறகு அதே துண்டுகளை மாற்றி அடுக்கித் தன் பாட்டைச் செய்யலாம். எந்தத் துண்டில் பாட்டைத் தொடங்கினால் பொருந்துகிறது, எந்தத் துண்டு வந்தால் முடிந்தது போலிருக்கிறது என்று பிள்ளைகள் வாதாடும்போது, இசையின் அமைப்பைத் தாங்களாகவே பேசத் தொடங்கிவிடுகிறார்கள். சங்கதி சங்கதியாகக் கீர்த்தனை கற்றவருக்கு இந்த வழி அந்நியமாகத் தோன்றாது.

ஆகவே வகுப்பில் எந்தக் கருவியைத் திறப்பது என்பது எந்தக் காதைத் திறப்பது என்பதைப் பொறுத்தது. ஆசிரியருக்கு இது தெரிந்திருக்க வேண்டும். செயலியைச் செய்தவர்கள் இதைச் சொல்லித்தர மாட்டார்கள்.

கட்டங்களுக்கு வேறொரு எல்லையும் உண்டு. சாங் மேக்கரின் மோகனத்தில் கமகம் இல்லை. சுரம் ஒரு கட்டத்திலிருந்து அடுத்ததற்குத் தாவும், வழுக்கிப் போகாது. காந்தாரமும் தம்புராவோடு பாடும் அந்தர காந்தாரத்தைவிட ஒரு மயிரிழை மேலே நிற்கும். ஒரு ஸ்தாயியைப் பன்னிரண்டு சம பங்காகப் பிரிக்கும் மேலைநாட்டு முறையில் அப்படித்தான் வரும். இதற்காகக் கருவியைத் தள்ள வேண்டியதில்லை. ஆனால் கர்நாடக இசை சொல்லித்தரும் ஆசிரியர், கட்டத்தில் பிறந்த மெட்டைத் திரையிலேயே விட்டுவிடாமல், சுருதிப் பெட்டியைப் போட்டுப் பாட வைக்க வேண்டும். அப்போது பிள்ளையின் குரலே வளைந்து இடத்தைச் சேரும். அந்தச் சுருதிப் பெட்டியும் தொழில்நுட்பம்தான் என்பதைப் பலர் மறந்துவிட்டோம். பெங்களூரைச் சேர்ந்த பொறியாளரும் புல்லாங்குழல் கலைஞருமான ஜி. ராஜ் நாராயண் 1970களின் இறுதியில் மின்னணுத் தம்புராவை உருவாக்கி ரேடல் நிறுவனத்தின் வழியே பரப்பினார். இன்று அது கைப்பேசிக்குள் போய்விட்டது. அது பிள்ளைக்குப் பதிலாகப் பாடுவதே இல்லை. பிள்ளை பாடினால்தான் அதற்கு வேலை.

கமகத்தைக் கட்டம் காட்டாது. ஆனால் அதே குரோம் மியூசிக் லேபில் 'ஸ்பெக்ட்ரோகிராம்' காட்டும். மைக்கைத் திறந்துவிட்டுப் பாடினால் குரல் திரையில் கோடுகளாக ஓடும். அசையாமல் பிடித்த சட்ஜம், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய நேர்கோடுகள். அடிக்கோடு பாடிய சுரம், மேலே இருப்பவை அதன் கிளைச் சுரங்கள். சுரத்தை அசைத்தால் எல்லாக் கோடும் சேர்ந்து நெளியும். அதே சுருதியில் 'ஆ' என்று பாடிவிட்டு 'ஈ' என்று மாற்றினால், கோடுகள் இருந்த இடத்திலேயே இருக்க, எது பளிச்சென்று தெரிகிறது என்பது மட்டும் மாறும். வாயின் வடிவம் மாறுவதால் வரும் வேறுபாடு அது. வாயைத் திறந்து பாடு என்று நூறு முறை சொல்வதைவிட, இந்தப் படத்தை ஒருமுறை பார்த்த பிள்ளை தானே திறந்து பார்க்கும்.

ஒலிப்பதிவும் இதே வகை. கைப்பேசியில் இருக்கும் சாதாரணப் பதிவுச் செயலி போதும். பிள்ளை பாடும்போது தன் குரலை எலும்பு வழியாகவும் சேர்த்துக் கேட்கிறது. பிறர் கேட்கும் குரல் வேறு. முதன்முறை பதிவைக் கேட்டுச் சிரிக்கும், கூச்சப்படும். பிறகு சுருதி எங்கே இறங்கியது என்று அதுவே சொல்லத் தொடங்கும். ஜூனில் பாடியதைப் பத்திரப்படுத்தி, ஆண்டு முடியும்போது போட்டுக் காட்டும் ஆசிரியருக்கு மதிப்பெண் பட்டியலே தேவைப்படாது.

இசை வகுப்பில் தொழில்நுட்பம் செய்யும் வேலைகளில் ஈடு இல்லாதது, கைகால் அசைவு குறைந்த பிள்ளைகளுக்கு அது திறந்துவிடும் வழி. பிபிசியின் 'லைஃப் ஆன் எர்த்' தொடருக்கு இசையமைத்த எட்வர்ட் வில்லியம்ஸ், 'சவுண்ட்பீம்' என்ற கருவியை உருவாக்கினார். காதுக்குக் கேட்காத ஒலி அலையை அது அனுப்புகிறது. எதிரே இருக்கும் உடலில் பட்டு அலை திரும்பிவரும் நேரத்தைக் கொண்டு தூரத்தை அளந்து, தூரத்துக்கு ஏற்ற சுரத்தை ஒலிக்கிறது. நடனக் கலைஞர்களை மனத்தில் வைத்துத் தொடங்கிய முயற்சி, சிறப்புப் பள்ளிகளில்தான் தன் வீட்டைக் கண்டது. விரலைச் சற்றே தூக்க முடிந்த பிள்ளையும் அதில் வாசிக்கலாம். அமெரிக்க இசையமைப்பாளர் பாலின் ஆலிவெரோஸ் 2007-இல் தொடங்கிய 'ஆமி' திட்டம் இன்னும் எளிது. கணினியின் கேமரா முகத்தின் அசைவைப் பின்தொடர்கிறது. தலையை மெல்லத் திருப்பினால் ஒலி பிறக்கிறது. மென்பொருள் இலவசம். பாட்டுக் கூட்டத்தில் ஓரமாகச் சக்கர நாற்காலியில் உட்காரவைக்கப்பட்டிருந்த பிள்ளை, இதனால் கூட்டத்துக்குள் வந்து தன் முறைக்குக் காத்திருந்து வாசிக்கிறது. கருவிகளுக்காகப் பள்ளியிடம் இருப்பது கொஞ்சம் பணமே என்றால், அது முதலில் இங்கேதான் போக வேண்டும்.

வாழைப்பழப் பியானோவைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், பிள்ளைகள் எப்படியும் கேட்பார்கள். ஜே சில்வர், எரிக் ரோசன்பாம் என்ற இரண்டு ஆய்வு மாணவர்கள் 2012-இல் வெளியிட்ட 'மேக்கி மேக்கி' என்ற சிறு பலகையை வைத்து அதைச் செய்கிறார்கள். மின்சாரத்தை மிகச் சிறிதளவு கடத்தினாலும் போதும்: பழம், களிமண், தண்ணீர்க் கிண்ணம், மனிதக் கை. ஒரு கையில் ஒரு கம்பியைப் பிடித்துக்கொண்டு மறு கையால் பழத்தைத் தொட்டால் சுற்று முழுமையடைகிறது. விசைப்பலகையில் யாரோ ஒரு விசையைத் தட்டியதாகக் கணினி எடுத்துக்கொள்கிறது. பழத்தின் வியப்பு ஒரே வகுப்பில் தீர்ந்துவிடும். ஆனால் நான்கு பிள்ளைகளை ஆளுக்கொரு சுரமாக நிறுத்தி, ஐந்தாவது பிள்ளை அவர்கள் உள்ளங்கையைத் தட்டித் தட்டி மெட்டு வாசிக்கும் ஏற்பாட்டை எத்தனை வகுப்புக்கும் நீட்டலாம். அதில் சுரம் ஒரு பிள்ளையாக எதிரே நிற்கிறது.

தொழில்நுட்பம் எங்கே தோற்கிறது என்பதை 2020 எல்லாருக்கும் காட்டியது. பெருந்தொற்றால் பள்ளிகள் மூடி வகுப்புகள் காணொளிக்குப் போனபோது, மற்றப் பாடங்கள் தட்டுத்தடுமாறியாவது நடந்தன. சேர்ந்து பாடுவது மட்டும் நடக்கவே இல்லை. காற்றில் ஒலி ஒரு நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். காணொளி அழைப்பில் குரல் போய்ச் சேரும் தாமதம் நொடியில் பத்தில் ஒரு பங்கை எளிதில் தாண்டிவிடும். முப்பத்துநாலு மீட்டருக்கு அப்பால் நிற்பவரோடு, காதை மட்டும் நம்பித் தாளம் போடுவதற்குச் சமம் அது. ஒருவர் மற்றவருக்காகக் காத்திருப்பார், மற்றவர் இவருக்காகக் காத்திருப்பார், காலப்பிரமாணம் தேய்ந்துகொண்டே போகும். லண்டனிலும் டொரண்டோவிலும் இருந்துகொண்டு சென்னைக் குருவிடம் பாட்டுக் கற்கும் தமிழ்ப் பிள்ளைகள் இதை முன்பே அறிந்தவர்கள். குரு பாடி நிறுத்துவார், பிள்ளை பாடும். சேர்ந்து பாட முடியாது. குரலோடு குரல் இழைந்து சுருதி பழகும் அந்த அரைமணி நேரம் அவர்களுக்குக் கிடைப்பதில்லை. ஒரே ஊரில், ஒரே அறையில் முப்பது பிள்ளைகளை வைத்திருக்கும் பள்ளி, அவர்களுக்கு ஆளுக்கொரு ஹெட்ஃபோனை மாட்டித் தனித்தனித் திரைமுன் உட்கார வைப்பது அந்தச் செல்வத்தைக் கையால் தள்ளிவிடும் செயல்.

ஹெட்ஃபோன் வேண்டியே இருந்தால் ஓர் எல்லை உண்டு. உலக சுகாதார நிறுவனமும் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியமும் 2019-இல் வெளியிட்ட தரநிலை, பிள்ளைகளுக்கு 75 டெசிபல் அளவில் வாரத்துக்கு 40 மணி நேரம் என்று வகுத்திருக்கிறது. பெரியவர்களுக்கு அதே நேரத்துக்கு 80.

பலர் கவனிக்காத இன்னொரு சிக்கல் கட்டை, அதாவது பாடும் ஆதார சுருதி. இணையத்தில் கிடைக்கும் பாடல் பதிவுகள் பெரும்பாலும் பெரியவர்கள் குரலுக்கானவை. ஒரு கட்டையில் ஆண் குரல் பாடும் பாட்டோடு, ஐந்து கட்டையை ஒட்டிச் சுகமாகப் பாடும் பிள்ளையைப் பாடச் சொன்னால் அது முனகும், அல்லது கத்தும். பழைய இசைத்தட்டில் வேகத்தைக் கூட்டினால்தான் சுருதி ஏறும். இன்றைய மென்பொருள்கள் வேகத்தைத் தொடாமல் சுருதியை மாற்றும், சுருதியைத் தொடாமல் வேகத்தைக் குறைக்கும். சாங் மேக்கரிலும் எந்தச் சுரத்திலிருந்து தொடங்குவது என்பதை மாற்றும் இடம் இருக்கிறது. வகுப்புக்கு முன் ஒரு நிமிடம் செலவிட்டுப் பிள்ளைகளின் கட்டைக்கு அதைக் கொண்டுவரும் ஆசிரியர், குரல்களைக் காப்பாற்றுகிறார்.

இதற்கெல்லாம் ஆளுக்கொரு கணினி தேவையில்லை. ஒரு மடிக்கணினி, ஒரு ஸ்பீக்கர், முடிந்தால் ஒரு புரொஜெக்டர். பாம்பர்கர் 1980களில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கேம்பிரிட்ஜ் நகரப் பொதுப்பள்ளி ஒன்றில் நடத்திய பட்டறையில், பிள்ளைகள் கையால் செய்யும் பொருள்களுக்கும் கணினிக்கும் இடையே போய்வந்துகொண்டே இருந்தார்கள். கணினியின் முரசுக்கு எண்களைக் கொடுக்க வேண்டும். பெரிய எண் கொடுத்தால் முரசு மெதுவாக அடித்தது. எட்டு ஒன்பது வயதுப் பிள்ளைகளுக்கு இது பெரும் புதிர். எண் பெரிதானால் எல்லாம் கூடத்தானே வேண்டும், வேகம் ஏன் குறைகிறது? கைதட்டிப் பார்த்து, சண்டை போட்டு, கடைசியில் கண்டுகொண்டார்கள். அந்த எண் எத்தனை அடி என்பதைச் சொல்லவில்லை. ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவே எவ்வளவு காலம் என்பதைச் சொன்னது.

சரளி வரிசையை மூன்று காலத்தில் பாடும் வகுப்பில் இதே புதிரை அப்படியே போடலாம். சாங் மேக்கரில் ஓர் அடியை எத்தனை பங்காகப் பிரிப்பது என்று கேட்கும் ஓர் இடம் உண்டு. அங்கே எண்ணைக் கூட்டினால், பாம்பர்கரின் முரசுக்கு நேர்மாறாக, ஓர் அடிக்குள் கூடுதல் சுரம் விரைந்து ஓடும். முதலில் ஓர் அடிக்கு ஒரு சுரம், பிறகு இரண்டு, பிறகு நான்கு. பிள்ளைகள் ஆதி தாளத்தைக் கையில் போட்டுக்கொண்டு, திரையோடு சேர்ந்து மூன்று காலமும் பாடட்டும். பாடி முடித்ததும் அமெரிக்கப் பிள்ளைகளின் முரசைப் பற்றிச் சொல்லி, அங்கே பெரிய எண் மெதுவாகவும் இங்கே பெரிய எண் வேகமாகவும் போவது ஏன் என்று கேட்கலாம். விடையை ஆசிரியர் சொல்ல வேண்டாம். இன்னொரு முறை கையைத் தட்டிப் பார்க்கச் சொன்னால் போதும்.